'செரான் லாஸ் த்ரேஸ்' என்றால் மணி மூன்று ஆகப் போகிறதா, மூன்று இருக்குமா?

#1 கோவை மாணவி

வணக்கம். ஓராண்டாக ஸ்பானிய மொழி படிக்கிறேன். டெலே என்னும் ஸ்பானிய மொழித் தேர்வின் பி1 நிலைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறேன். சென்ற வாரம் வகுப்பில் ஒரு செவிப்பயிற்சி நடந்தது. ஒலிப்பதிவில் ஒருவர் "கே ஓரா எஸ்?" என்று மணி கேட்கிறார். மற்றவர் தம்மிடம் கைக்கடிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டு, "செரான் லாஸ் த்ரேஸ்" என்கிறார். 'செரான்' என்பது 'இருத்தல்' என்று பொருள்படும் 'செர்' வினையின் எதிர்கால வடிவம் என்று வாய்பாட்டை மனப்பாடம் செய்திருந்தேன். ஆகவே இன்னும் மூன்று ஆகவில்லை, இனிமேல்தான் ஆகும் என்று பொருள்கொண்டு விடையைக் குறித்தேன். தவறு என்று திருத்தப்பட்டது. ஆசிரியர் ஆங்கிலத்தில் தந்த விளக்கத்தைக் குறித்துக்கொண்டேனே தவிர, வரப்போகும் காலத்தைக் குறிக்க வேண்டிய வடிவம் இந்த நொடியை எப்படிக் குறிக்கிறது என்பது இன்னும் விளங்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. பக்கத்து வீட்டுக் கிழநாய் நெடுநாள் நோயுற்றுக் கிடந்து கடைசியில் இறந்தது என்று கட்டுரையில் எழுத நினைத்து, "போர் ஃபின் முரியோ எல் பெர்ரோ" என்று எழுதினேன். ஆசிரியர் வாசித்துவிட்டு, "அந்த நாய் உங்களுக்கு அவ்வளவு தொல்லை கொடுத்ததா?" என்று கேட்டார், வகுப்பே சிரித்தது. 'ஃபின்' என்றால் முடிவு என்றுதான் அகராதியில் இருக்கிறது. நான் எங்கே தவறினேன் என்று யாராவது சொல்ல முடியுமா?

#2 மத்ரித்வாசி

முதல் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆங்கிலத்தைச் சற்று ஒதுக்கி வையுங்கள். பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் உங்களிடம் மணி கேட்கிறார், கைப்பேசி பைக்குள் எங்கோ கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "மூன்று இருக்கும்" என்றுதானே சொல்வீர்கள்? 'இருக்கும்' என்பது எதிர்கால வினைமுற்று. ஆனால் நீங்கள் சொல்வது இந்த நேரத்தைப் பற்றித்தான். உறுதியாகத் தெரியாததை எதிர்கால வடிவத்தில் சொல்வது நமக்குப் பிறவிப் பழக்கம். "செரான் லாஸ் த்ரேஸ்" என்பதும் அதுவே, ஒரு மயிரிழைகூட மாறாமல்.

இங்கே எங்கள் குடியிருப்பில் யார் வீட்டு அழைப்புமணி ஒலித்தாலும், கதவைத் திறக்கும் முன் உள்ளே இருப்பவர் வாயிலிருந்து வரும் முதல் சொல் "கியென் செரா?" என்பதுதான். "யாராக இருக்கும்?" என்று நாம் கேட்பது போலவே. "எஸ்தாரா என் காசா" என்றால் "வீட்டில் இருப்பார்". "யா அப்ரா யெகாதோ" என்றால் "இந்நேரம் வந்து சேர்ந்திருப்பார்". இந்தக் கடைசி வாக்கியத்தைப் பிரித்துப் பார்த்தால் வியப்பு இன்னும் கூடும்: 'யெகாதோ' என்பது 'வந்து சேர்ந்த' என்னும் எச்சம், 'அப்ரா' என்பது துணைவினையின் எதிர்காலம். 'வந்து சேர்ந்து' என்னும் எச்சத்தோடு 'இருப்பார்' சேர்வதும் இதே கட்டுமானம்தான்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் கவனம் தேவை. "நான் நேற்று வீடு திரும்பியபோது மணி மூன்று இருக்கும்" என்று நடந்து முடிந்ததைப் பற்றிப் பேசும்போதும் தமிழில் அதே 'இருக்கும்' போதும். ஸ்பானியத்தில் அங்கே வடிவம் மாறி, "செரியான் லாஸ் த்ரேஸ்" என்று ஆகிவிடும்.

#3 நூற்பா

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். ஸ்பானியம் எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. என் பெயர்த்தி படிப்பதால் இந்த இழையைப் பார்த்தேன். மத்ரித் நண்பர் 'இருக்கும்' எதிர்கால வினைமுற்று என்று அறுதியிட்டுச் சொன்னது பள்ளி இலக்கணப்படி சரிதான். ஆனால் தொல்காப்பிய வினையியலில் "முந்நிலைக் காலமும் தோன்றும் இயற்கை" என்று தொடங்கும் நூற்பா, மூன்று காலத்துக்கும் பொதுவாக நிகழும் இயல்பைச் 'செய்யும்' என்னும் வாய்பாட்டால் சொல்ல வேண்டும் என்று விதித்து, அதை நிகழ்காலத்துப் பொதுச்சொல் என்றே அழைக்கிறது. "மலை நிற்கும்" என்பது உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. மலை நேற்றும் நின்றது, இன்றும் நிற்கிறது, நாளையும் நிற்கும். ஆக, இந்த வடிவம் முதலிலிருந்தே நாளையை மட்டும் சுட்டிய வடிவம் அன்று. மாணவி தடுமாறியதற்கு அவர் காரணமில்லை. 'எதிர்காலம்' என்று அதற்குப் பெயரிட்டு வைத்ததுதான் காரணம்.

#4 மத்ரித்வாசி

ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அங்கேதான் தமிழர்கள் சறுக்கும் இடமும் இருக்கிறது. "மலை நிற்கும்", "அவர் தினமும் ஆறு மணிக்கு எழுவார்" போன்றவற்றை ஸ்பானிய எதிர்காலத்தில் எழுதவே கூடாது. "செ லெபந்தாரா ஆ லாஸ் செய்ஸ்" என்று எழுதினால், அவர் நாளை ஆறு மணிக்கு எழுவார் என்றோ, ஆறு மணிக்கு எழுவார் போலும் என்றோ பொருள்படுமே தவிர, அவருடைய வழக்கம் என்று பொருள்படாது. வழக்கத்துக்கு நிகழ்காலம் போதும்: "செ லெபந்தா ஆ லாஸ் செய்ஸ்". வந்த புதிதில் என் வீட்டு உரிமையாளரிடம் என் அன்றாட வாழ்க்கையை எதிர்காலத்தில் விவரித்து, நான் ஏதோ பெரிய உறுதிமொழி எடுக்கிறேன் என்று அவரை நினைக்க வைத்திருக்கிறேன்.

#5 பேரேடு

மெக்சிகோ வாடிக்கையாளர் ஒருவரின் கணக்குகளைச் சென்னையிலிருந்து பார்க்கும் வேலை எனக்கு. நான் அறிந்த ஸ்பானியம் பெரும்பாலும் கணக்கேட்டு ஸ்பானியம்தான் என்றாலும், இங்கே சொல்ல இரண்டு செய்திகள் உண்டு.

முதலாவது, லத்தீன் அமெரிக்கர்களின் பேச்சில் மேலே சொன்ன எதிர்கால வடிவம் ஊகத்துக்குத்தான் மிகுதியாக வருகிறது. உண்மையிலேயே நடக்கப் போவதைச் சொல்ல அவர்கள் 'போதல்' வினையைத் துணைக்கு அழைப்பார்கள். "போய் ஆ கொமேர்" என்றால் "சாப்பிடப் போகிறேன்". அந்த 'போய்' நம் 'போய்' போலவே காதில் விழுகிறது, பொருளும் போவதுதான்! நாளைய செய்தி உறுதியாக இருந்தால் வெறும் நிகழ்காலமே போதும்: "மஞானா தே யாமோ". நாமும் "நாளைக்கு அழைக்கிறேன்" என்றுதானே சொல்கிறோம்? (மஞானாவில் உள்ள 'ஞ'வை நம் எழுத்தால் எழுத முடிவதில் எனக்கு ஒரு சிறு பெருமை உண்டு.)

இரண்டாவது, கணக்கேட்டில் நான் தினமும் பார்க்கும் இரு தலைப்புகள்: 'குவென்தாஸ் போர் பகார்', 'குவென்தாஸ் போர் கோப்ரார்'. முன்னது நாம் கொடுக்க வேண்டிய கணக்கு, பின்னது நமக்கு வர வேண்டிய கணக்கு. 'போர்' என்பதை வினையின் முன் வைத்தால், அது இன்னும் செய்யப்படாமல் நிலுவையில் இருக்கிறது என்று பொருள். எதிர்காலத்துக்கு அவர்களிடம் 'ஃபுதூரோ' என்ற சொல் இருந்தாலும், 'போர்பெனீர்' என்று இன்னொன்றும் உண்டு; 'பெனீர்' என்றால் வருதல். பல மாதம் அதைத் தனிச் சொல்லாக மனப்பாடம் செய்து வைத்திருந்துவிட்டு, ஒருநாள் நிலுவைப் பட்டியலைச் சரிபார்க்கும்போதுதான், அதுவும் ஒரு நிலுவைக் கணக்கு என்பது எனக்கு உறைத்தது. இன்னும் வந்து சேராதது போர்பெனீர்.

#6 நூற்பா

'போய்' பற்றி ஒரு வேண்டுகோள். இதை எடுத்துக்கொண்டு, ஸ்பானியம் தமிழிலிருந்து பிறந்தது என்று நாளை எவரும் கட்டுரை எழுதிவிட வேண்டாம். அத்தகைய கட்டுரைகள் என் கைப்பேசிக்கு வாரம் மூன்று வருகின்றன.

ஆனால் 'போர்பெனீர்' என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. தொல்காப்பியர் எதிர்காலத்தை 'வாராக் காலம்' என்கிறார். இன்னும் வராதது என்பதே அதன் பெயர். 'எதிர்' என்று சொல்லும்போது அது நம்மை நோக்கி நிற்பது போல் இருக்கிறது. 'வாரா' என்று சொல்லும்போது நிலுவை தெரிகிறது. அதே நூலில், வாராக் காலத்து வினையை விரைவு கருதி இறந்த காலத்தால் சொல்லலாம் என்றும் விதி உண்டு. இன்னும் உண்டு முடிக்காதவன், வெளியே அழைப்பவரிடம் "இதோ வந்தேன்" என்று குரல் கொடுப்பது அந்த விதியால்தான். ஸ்பானியர் அப்படிச் சொல்வார்களா?

#7 பேரேடு

கிளம்பும் தருவாயில் லத்தீன் அமெரிக்கர்கள் சொல்வார்கள், ஐயா. இன்னும் நாற்காலியிலிருந்தே எழுந்திருக்காத ஒருவர் "மே ஃபுயி" என்பார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் "நான் போய்விட்டேன்" என்று பொருள். அதன் பிறகும் கால் மணி நேரம் பேசிக்கொண்டிருப்பார். மெக்சிகோக்காரர்களின் 'அஓரித்தா'வும் இவ்வகைதான்: 'அஓரா' என்றால் இப்போது, அதன் குறுமை வடிவமான 'அஓரித்தா' இன்னும் உடனடி என்றல்லவா தோன்றும்? "அஓரித்தா தே லோ மந்தோ" (இதோ அனுப்புகிறேன்) என்று பதில் வந்தால், கோப்பு ஐந்து நிமிடத்திலும் வரலாம், மாலையிலும் வரலாம். நம் 'இதோ' நினைவுக்கு வருகிறது.

#8 பெயர்ப்பாளினி

தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில், அந்த வாய்பாடு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தால் மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. 'கொமேர்' என்றால் உண்ணுதல். முன்பு உடைமையைக் குறித்த 'அபேர்' என்னும் துணைவினையின் நிகழ்காலம் ஏ, ஆஸ், ஆ, எமோஸ், அபேய்ஸ், ஆன் என்று போகும். 'அபேய்ஸ்' என்பதை மட்டும் 'எய்ஸ்' என்று குறுக்கி, இவற்றைக் 'கொமேர்' முதுகில் ஏற்றினால் கொமெரே, கொமெராஸ், கொமெரா, கொமெரெமோஸ், கொமெரெய்ஸ், கொமெரான். எதிர்காலத்துக்கென்று தனி விகுதியே கிடையாது. பழைய லத்தீன் எதிர்கால வடிவங்கள் பேச்சில் வழக்கொழிய, 'உண்ண உடையேன்' என்ற கட்டமைப்பு அந்த இடத்துக்கு வந்து, காலப்போக்கில் ஒட்டிக்கொண்டது. இடைக்கால ஸ்பானியத்தில் இந்த ஒட்டு இன்னும் இறுகவில்லை. இரண்டுக்கும் நடுவே 'அவனுக்கு', 'உமக்கு' போன்ற சொற்களைச் செருக முடிந்தது. போர்த்துக்கீசிய எழுத்து நடையில் இன்றும் அந்தச் செருகல் உண்டு.

'உண்ண உடையேன்' என்பதை நான் தமிழில் 'உண்ணக் கடவேன்' என்றுதான் உணர்கிறேன். எதிர்காலம் என்பது முதலில் கடமையாக இருந்து, பிறகு காலமாக ஆனது. அந்தப் பழைய நிறம் இன்னும் முற்றாகப் போகவில்லை: பத்துக் கட்டளைகள் ஸ்பானியத்தில் எதிர்கால வடிவத்திலேயே இருக்கின்றன. "நோ மதாராஸ்" என்பது "கொல்ல மாட்டாய்" என்ற கணிப்பு அன்று, கட்டளை. பழைய தமிழ் விவிலியத்தில் 'கடவாய்' என்று முடியும் வாக்கியங்களை வாசித்தவர்களுக்கு இது அயலாகத் தோன்றாது.

#9 கோவை மாணவி

எல்லோருக்கும் மிக்க நன்றி. மனப்பாடச் சுமை இறங்கியது. ஆனால் என் நாயை எல்லோரும் மறந்துவிட்டீர்கள்.

#10 பெயர்ப்பாளினி

மறக்கவில்லை அம்மா. அகராதி எல்லாவற்றுக்கும் 'முடிவாக' என்று ஒரே பொருளைத் தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதால் வரும் வினை அது. ஸ்பானியர் வாயில் இவை நான்கும் நான்கு மனநிலைகள்.

'போர் ஃபின்' என்பது 'ஒருவழியாக'. காத்திருந்து சலித்து, ஒரு பெருமூச்சு விட்டுச் சொல்வது. மழை ஒருவழியாக வந்தது, ஒருவழியாக வேலை கிடைத்தது. "ஒருவழியாக நாய் செத்தது" என்று எழுதிவிட்டு வகுப்பு சிரித்ததற்கு வருந்துவானேன்? 'அல் ஃபினால்' என்பது 'கடைசியில்'. எதிர்பார்த்ததற்கு மாறாகவோ, பல திருப்பங்களுக்குப் பிறகோ நடந்ததைச் சொல்ல வருவது. உங்கள் நாய்க்குரிய சொல் இதுதான். 'என் ஃபின்' என்பதில் முடிவே இல்லை. "சரி, போகட்டும்" என்று பேச்சை மடக்கும் ஓர் அலுப்பு அது. நான்காவது 'அல் ஃபின் இ அல் காபோ': நம் 'என்ன இருந்தாலும்'. "என்ன இருந்தாலும் அவன் உன் தம்பி" என்று சமாதானம் பேசவரும் உறவினருக்கு இந்தத் தொடர் இல்லாமல் வாயே திறக்காது.

அந்த 'காபோ'வைச் சற்று உற்றுப் பாருங்கள். லத்தீனில் தலை என்று பொருள்படும் 'கபுத்' என்னும் சொல்லிலிருந்து வந்தது. தலை என்பது நுனி. கயிற்றின் நுனியும் காபோ, நிலத்தின் நுனியும் காபோ. நாம் 'முனை' என்போம். அதிலிருந்து பிறந்ததே 'அக்காபார்', அதாவது நுனிவரை கொண்டுசேர்த்தல், முடித்தல். பெயர்ப்புப் பணியில் என்னிடம் வரும் புதியவர்கள் தவறாமல் விழும் குழியும் இதுதான்: "அக்காபோ தே கொமேர்" என்பதை "உண்டு முடிக்கிறேன்" என்று பெயர்க்கிறார்கள். "இப்போதுதான் சாப்பிட்டேன்" என்பதே பொருள். "செ அக்கபோ எல் பான்" என்றால் ரொட்டி தீர்ந்துவிட்டது. வெறுமனே "செ அக்கபோ!" என்று தாய் குரலை உயர்த்தினால், "அவ்வளவுதான், இனிப் பேச்சில்லை" என்று குழந்தைகள் புரிந்துகொள்வார்கள்.

#11 மத்ரித்வாசி

காபோவும் ஃபின்னும் ஒரே பெயரில் சேர்ந்திருக்கும் இடம் ஒன்று ஸ்பெயினில் உண்டு: வடமேற்கே கலீசியாவில் உள்ள காபோ ஃபினிஸ்தேர்ரே. 'ஃபினிஸ் தெர்ரே' என்னும் லத்தீனுக்கு நிலத்தின் முடிவு என்று பொருள். கலீசியாவின் புனிதத் தலமான சந்தியாகோவரை நடந்து வரும் யாத்திரிகர்களில் பலர் அங்கே நிற்காமல், கடல் வரும்வரை மேலும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் நடக்கிறார்கள். கலங்கரை விளக்கத்துக்கு அருகே ஒரு கல் நட்டு, அதில் தொலைவு 0,00 என்று பொறித்திருக்கிறார்கள். நான் போயிருந்த அன்று அதன் அடியில் யாரோ தேய்ந்த செருப்பை விட்டுவிட்டுப் போயிருந்தார்.

ஃபினால் பற்றி ஒரு குறிப்பு: ஆண்பாலில் 'எல் ஃபினால்' என்றால் முடிவு, பெண்பாலில் 'லா ஃபினால்' என்றால் இறுதியாட்டம். 2010 உலகக் கோப்பைக் கால்பந்தில் ஸ்பெயின் வென்றது லா ஃபினால். ஸ்பெயின் வீரர் இனியெஸ்தா 116ஆவது நிமிடத்தில் பந்தை வலைக்குள் அடித்தது அந்த லா ஃபினாலின் எல் ஃபினாலுக்குச் சற்று முன். இப்படி நினைவில் வைத்துக்கொண்டால் மறக்காது.

#12 கோவை மாணவி

கடைசியாக ஒரு கேள்வி. 'கடைசி' என்பதற்கு 'ஊல்திமோ' என்று படித்தேன். "இதுதான் கடைசிக் கேள்வி" என்று ஆசிரியரிடம் சொல்ல அதுவே சரியா?

#13 மத்ரித்வாசி

கேள்விக்குச் சரி. ஆனால் மதுக்கூடத்தில் சொல்லிவிடாதீர்கள். நண்பர்கள் எழுந்து போகும் முன் இன்னொரு சுற்று சொல்லும்போது, இங்கே யாரும் 'லா ஊல்திமா' என்பதில்லை. 'லா பெனுல்திமா' என்பார்கள். கடைசிக்கு முந்தையது என்று பொருள். கடைசி என்று வாயால் சொல்லிவிட்டால் அதுவே வாழ்க்கையின் கடைசியாகிவிடுமோ என்ற அச்சம். நான் ஒருமுறை தெரியாமல் 'ஊல்திமா' என்று சொல்ல, மேசையில் இருந்த நால்வரும் ஒரே குரலில் திருத்தினார்கள்.

#14 நூற்பா

இதற்கு நம் இலக்கணத்தில் பெயரே உண்டு: மங்கலம். சுடுகாட்டை நன்காடு என்று சொல்வதும், செத்தார் என்னாமல் துஞ்சினார் என்பதும். எங்கள் வீட்டில் விளக்கை அணை என்று சொன்னால் என் தாயார் கடிந்துகொள்வார். அமர்த்து என்றுதான் சொல்ல வேண்டும். புறப்படுகிறவர் 'போகிறேன்' என்னாமல் 'போய் வருகிறேன்' என்பதும் அந்த வகைதானே? கதை முடிக்கும்போது ஸ்பானியர் என்ன சொல்வார்கள் என்றும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். பெயர்த்திக்குச் சொல்ல வேண்டும்.

#15 பெயர்ப்பாளினி

"கொலொரீன் கொலொராதோ, எஸ்தே குவென்தோ செ ஆ அக்கபாதோ" என்று முடிப்பார்கள். பின்பாதிக்கு 'இந்தக் கதை முடிந்தது' என்று பொருள். முன்பாதி எதுகைக்காக வந்து நிற்பது, பெரிதாகப் பொருள் தேட வேண்டாம். "கதை முடிஞ்சுதாம், கத்தரிக்கா காச்சுதாம்" என்பதில் கத்தரிக்காய்க்கு என்ன வேலையோ அதே வேலைதான். அரசனும் அரசியும் மகிழ்ச்சியாக வாழ்ந்தார்கள் என்று முடிக்கும் இடத்தில், அவர்கள் கௌதாரிக் கறி உண்டார்கள் என்றும் சேர்ப்பார்கள்: 'ஃபெலீசெஸ்' என்னும் மகிழ்ச்சிக்குப் 'பெர்தீசெஸ்' என்னும் கௌதாரி எதுகை.

#16 பேரேடு

இவ்வளவு பேசியும் "கே செரா செரா"வை யாரும் எடுக்கவில்லையே?

#17 பெயர்ப்பாளினி

எடுக்காததற்குக் காரணம், அது ஸ்பானியமே அன்று. 1956இல் வந்த ஹாலிவுட் படப்பாட்டால் உலகெங்கும் பரவி, மறு ஆண்டே 'ஆரவல்லி' என்னும் தமிழ்ப் படத்தின் வழியாக நம் ஊருக்கும் அதன் மெட்டு வந்து சேர்ந்தது. ஆனால் ஸ்பானிய இலக்கணப்படி தொடக்கத்தில் 'லோ கே' என்று இருக்க வேண்டும். வெறும் 'கே' நிற்காது. "லோ கே ஆ தே செர், செரா" என்பதே ஸ்பானியர் சொல்வது: ஆக வேண்டியது ஆகும்.

#18 கோவை மாணவி

இந்த இழையை முழுதும் அச்செடுத்து வைத்துக்கொண்டேன். இங்கே கற்றதைக் கொண்டு நான்கு வாக்கியங்கள் எழுதியிருக்கிறேன். ஆங்கிலத்தில் யோசிக்காமல் தமிழிலிருந்தே நேராக எழுதினேன். திருத்தித் தர வேண்டுகிறேன்.

அல் ஃபினால் முரியோ எல் பெர்ரோ: கடைசியில் அந்த நாய் இறந்தது.
அக்காபோ தே யெகார், செரான் லாஸ் தியெஸ்: இப்போதுதான் வந்து சேர்ந்தேன், மணி பத்து இருக்கும்.
போய் ஆ எஸ்துதியார்: படிக்கப் போகிறேன்.
குவாந்தோ தெந்த்ரே தியெம்போ, தே எஸ்க்ரிபிரே: நேரம் கிடைக்கும்போது உனக்கு எழுதுவேன்.

#19 பெயர்ப்பாளினி

முதல் மூன்றும் குற்றமற்றவை. நான்காவதில் தமிழே உங்களைக் கவிழ்த்துவிட்டது. 'கிடைக்கும்போது' என்பதில் 'கிடைக்கும்' இருப்பதைக் கண்டு 'தெந்த்ரே' என்று எதிர்காலத்தை வைத்துவிட்டீர்கள். இன்னும் நடக்காத ஒன்றைக் 'குவாந்தோ'வுக்குப் பின் சொல்லும்போது ஸ்பானியர் எதிர்கால வடிவத்தைத் தொடுவதே இல்லை; அது நடந்தால்தான் உண்டு என்பதால், நிகழ்ந்ததாகக் கொள்ளாத வேறொரு வினைவடிவத்தை வைப்பார்கள். "குவாந்தோ தெங்கா தியெம்போ, தே எஸ்க்ரிபிரே." பின்பாதியில் உள்ள 'எஸ்க்ரிபிரே' எதிர்காலமாகவே இருக்கலாம், அதில் பிழையில்லை. 'குவாந்தோ'வை அடுத்து எதிர்காலம் வர விரும்பினால், அது கேள்வியாக இருக்க வேண்டும்: "குவாந்தோ தெந்த்ராஸ் தியெம்போ?" என்றால் "உனக்கு எப்போது நேரம் கிடைக்கும்?"